முப்பத்திரண்டார்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் என்று ரொறன்ரோவைச் சுற்றித் தமிழர் வீடு வாங்கிய இடங்களில், நாலைந்து தெருவுக்கு ஒரு முப்பத்திரண்டார் இருப்பார். தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. பின்வளவில் 16 அடி நீளத்தில் ஒரு சுவிம் ஸ்பா வந்து குந்திய நாளிலிருந்து, "எவ்வளவு முடிஞ்சுது அண்ணை?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் "முப்பத்திரண்டுதான்" என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி இந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். 32,000 கனடிய டொலர் என்பது பொருள்.

சுவிம் ஸ்பா என்பது குளியல் தொட்டிக்கும் நீச்சல் குளத்துக்கும் இடைப்பட்ட ஒரு சாதி. ஒரு முனையிலிருந்து பம்பு தண்ணீரைத் தள்ளும். அதை எதிர்த்து நீந்துகிறவர் எவ்வளவு கை போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வட்ஸ்அப்பில் இந்தக் காட்சியைப் பார்த்த அவருடைய தாயார், "தண்ணி ஓடுது, நீ நிக்கிறாய். பிறகேன் தம்பி நீந்துறாய்?" என்று கேட்டார். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு.

முப்பத்திரண்டார் பொய் சொல்கிற ஆள் இல்லை. கண்காட்சி மண்டபத்தில் அந்தத் தொட்டியின் நெற்றியில் ஒட்டியிருந்த விலை அதுதான். 41,000 என்பதைக் குறுக்கே வெட்டி, கீழே சிவப்பு மையில் 32,000 என்று எழுதியிருந்தார்கள். வாங்கும்போதே 9,000 டொலர் லாபம் என்று நின்ற நிலையில் கழித்துக் காட்டினார். கழித்தல் அவருக்கு நன்றாக வரும். வீட்டை வாங்கிய விலை இன்றைக்கு எத்தனை மடங்கு என்று பெருக்கவும் வரும். வகுத்தலோ கைவந்த கலை. ஆகாதது கூட்டல் ஒன்றுதான். இரண்டு பில்லை அருகருகே வைத்தால் அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தனி வீடு கட்டிக் குடியமர்த்திவிடுவார். ஒன்ராறியோவின் விற்பனை வரி 13 சதவீதம். 32,000க்கு அது 4,160 டொலர். கேட்டால், "அது அரசாங்கத்துக்குப் போறது. கடைக்காரனுக்கு நான் குடுத்தது முப்பத்திரண்டுதான்" என்பார்.

அடுத்தது தளம். தொட்டி கொள்ளும் தண்ணீர் ஏறத்தாழ 5,700 லீற்றர். தண்ணீர் மட்டும் 5.7 தொன், தொட்டியும் உள்ளே இறங்கும் ஆட்களும் சேர்ந்தால் ஏழு தொன்னைத் தொடும். பின்வளவில் ஒரு சோடி கோயில் யானையைக் கட்டுவதற்குச் சமம். புல்தரை தாங்குமா? புல்லை வழித்து, சரளைக்கல் பரப்பி இறுக்கி, கம்பி கட்டி, ஆறு அங்குலத்துக்குக் கொன்கிறீற் போட வேண்டும். மாரியில் நிலம் உறைந்து மேலெழும்பி, இளவேனிலில் இளகி இறங்கும் நாடு இது. தளம் சரியில்லாவிட்டால் தொட்டி ஒருபக்கம் சரியும். சரிந்த தொட்டிக்கு உத்தரவாதம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தளத்துக்கு 5,000. "அது பின்முற்றத் தளம். எப்பிடியும் போட இருந்தனான்."

பிறகு வந்தது இலவச டெலிவரி. அந்த இலவசம் ட்ரைவ்வேயோடு முடிந்துவிடும் என்பது லொறி புறப்பட்டுப் போன பிறகுதான் விளங்கும். ட்ரைவ்வேயிலிருந்து பின்வளவுக்குப் போக, பக்கத்து வீட்டுச் சுவருக்கும் தன் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருப்பது நாலடி ஒழுங்கை. தொட்டியின் அகலம் ஏழரை அடி. சரித்துப் பிடித்தாலும் ஐந்தடி. ஆகவே கிரேன் வந்தது. தெருவில் கால் பரப்பி நின்று, தொட்டியைத் தூக்கி, இரண்டு மாடிக் கூரைக்கு மேலால் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கியது. தெருச்சனம் முழுக்க வெளியே வந்து படம் பிடித்தது. தன் கூரைக்கு மேலே தன் கடன் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்த முப்பத்திரண்டார் நல்லூரானை வேண்டிக்கொண்டார். கிரேனுக்கு 1,200. "அது அண்டைக்கு ஒரு நாள் செலவு. அதைப்போய் ஆராவது கணக்குப் பாப்பினமோ?"

மின்சாரம் தனிக் காண்டம். இந்தத் தொட்டிக்கு 240 வோல்ற், 50 அல்லது 60 அம்பியரில் தனியாக ஒரு இணைப்பு வேண்டும். மின் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானே அறுந்துவிடும் பிரேக்கரும் வேண்டும். வீட்டிலோ பழைய 100 அம்பியர் பனல். அது ஏற்கெனவே மேல்வீட்டு அடுப்பு, கீழே பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களின் அடுப்பு, ஏசி, ட்ரையர் என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முதலில் 'தெரிஞ்ச பெடியன்' ஒருவனைக் கேட்டுப் பார்த்தார். காசாகக் கொடுத்தால் வரி இல்லை என்பது அவருக்குப் பிடித்த பொருளாதாரக் கொள்கை. ஆனால் ஒன்ராறியோவில் காசு வாங்கி இந்த வேலையைச் செய்ய உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரரால்தான் முடியும். மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்துப் பரிசோதனையும் நடக்க வேண்டும். தண்ணீருக்குள் குந்தியிருக்கப் போகிறவர் தாம்தான் என்ற நினைவு வந்ததும் கொள்கையைக் கைவிட்டார். இணைப்புக்கு 2,800, பனலை 200 அம்பியராக்க 3,500.

"பனல் ஸ்பாவுக்கில்லை. நாளைக்கு எலெக்ரிக் கார் வாங்கினால் வேணுமெல்லோ?"

இப்படியாக, இன்னும் வாங்காத காரின் தலையில் 3,500 டொலர் ஏறியது. அந்தக் கார் ஒரு நாள் வந்து அதன் விலையை நீங்கள் கேட்டால், பனல் அதிலும் இருக்காது. அது ஸ்பாவோடு போட்டதாயிற்றே!

வேலி அவருக்குச் செலவாகவே தெரியவில்லை. பிள்ளைகள் தவறி விழாமல் இருக்கச் சுற்றிவர வேலி வேண்டும், கதவு தானாக மூடித் தானாகத் தாழ் விழ வேண்டும் என்று நகரசபை சொன்னது. ஊரில் ஒரு முழ வேலிக்காகப் பேரன் காலம் வரை வழக்காடிய பரம்பரையில் வந்தவர் அவர். 4,000 டொலரைச் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். ஏறி இறங்கப் படி, கனத்த மூடியைத் தூக்கி மடிக்க ஒரு நெம்புகோல் என்று மேலும் 1,100 போனது. "அது சில்லறைச் சாமான்."

எல்லாம் முடிந்து குழாயைத் திறந்தார்கள். தோட்டத்துக் குழாயால் தொட்டி நிரம்ப மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. தண்ணீருக்கு வந்த செலவு முப்பது டொலருக்குக் கிட்ட. முழு விவகாரத்திலும் மலிவானது அதுதான். ஆகவே அதை மட்டும் யாரும் கேட்காமலே சொல்வார்: "தண்ணிக்கு முப்பது டொலர்தான் முடிஞ்சுது, நம்புவியளோ?"

வாங்கின பிறகும் இது சும்மா கிடக்கிற பொருள் இல்லை. பத்துப் பாகைத் தண்ணீரை முப்பது பாகைக்குக் கொண்டுவர, 5.5 கிலோவாற் சூடாக்கி முதல் தடவை ஒரு முழு நாள் எரிய வேண்டும். மாரியில் நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் முழுவதையும் வடித்து, குழாய்களுக்குள் காற்றடித்துக் கடைசிச் சொட்டையும் துரத்த வேண்டும். அதற்கும் ஆள் கூலி. ஆகவே அவர் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கிணற்றடியில் வாளியால் அள்ளி இலவசமாகக் குளிக்கும்போது, மார்க்கத்தில் ஆளில்லாத தொட்டி சூடாகிக்கொண்டே இருக்கும். மின்கட்டணத்தை இங்கே ஹைட்ரோ பில் என்பார்கள். இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை மலிவான கட்டணத் திட்டம் 2023இல் வந்ததும், சூடாக்கியை அந்த நேரத்துக்குத் திருப்பிவிட்டார். அதோடு தன் நித்திரையையும் திருப்பிவிட்டார். ஹைட்ரோவுக்கு ஆண்டுக்கு 1,500, மருந்துக்கும் வடிகட்டிக்கும் 700, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஈரம் குடித்துப் பாறையாகிவிடும் மூடியை மாற்ற 2,500. "ஹைட்ரோ பில் எப்பவும் வாறதுதானே. ஸ்பா இல்லாட்டில் வராதோ?"

மருந்து என்றேன். ஏ.எல். சோதனையில் அவரைக் கைவிட்ட இரசாயனவியல் ஐம்பத்தைந்து வயதில் திரும்பி வந்து காலில் விழுந்திருக்கிறது. காலையில் ஒரு காகிதக் கீற்றைத் தண்ணீரில் தோய்த்து, நிறம் மாறுவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் ஒரு பொடி, ஏறினால் இன்னொரு பொடி, கிருமிக்குக் குளோரின்.

இவ்வளவும் அறிந்த ஒருவர், "எல்லாமாச் சேர்த்து எவ்வளவு அண்ணை?" என்று நேரே கேட்டுவிட்டால், முப்பத்திரண்டார் வரலாற்றுக்குள் பாய்வார். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த ஜக்குஸி சகோதரர்கள் முதலில் விமானத்துக்குச் சுழல்விசிறி செய்தார்கள், பிறகு பம்பு செய்தார்கள். அவர்களில் ஒருவரான கன்டிடோ ஜக்குஸி, மூட்டுவாதத்தில் வருந்திய தன் மகனுக்காகக் குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்பை உருவாக்கினார். அந்தக் குடும்பத்து ரோய் ஜக்குஸி 1968இல் பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கினார். பிறகு 1988இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மெர்டொக் என்பவர் எதிர்நீச்சல் குளங்களை விற்கத் தொடங்கினார். "எல்லாம் எங்களை மாதிரி வந்து குடியேறின சனத்தின்ர மூளை" என்று முடிப்பார். கேட்டவருக்குத் தன் கேள்வி மறந்துபோயிருக்கும்.

மறக்காதவருக்கு வகுத்தல் இருக்கிறது. இந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் விற்பனையாளர். தொட்டியும் வரியுமாக 36,160 டொலரை அவர் ஒருபோதும் முழுதாக உச்சரிக்கவில்லை. "மாதம் 439" என்றார். பத்து ஆண்டுக்கு, எட்டு சதவீதத்தில், வட்டி மட்டும் ஏறத்தாழ 16,500 போகும் என்பது அந்த 439க்குள் ஒளிந்திருந்தது. "அது பாங்குக்கும் எனக்கும் உள்ள விசயம்." குருவை விஞ்சிய சீடரான முப்பத்திரண்டார் 32,000ஐப் பத்து ஆண்டால் வகுப்பார், அதை 365ஆல் வகுப்பார், அதை வீட்டிலுள்ள நாலு பேரால் வகுப்பார். "ஒராளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டொலர் பத்தொன்பது சதம். ரிம் ஹோர்ட்டன்ஸிலை ஒரு கோப்பிக் காசு!"

நகரசபைக் குளத்தில் சில டொலரோடு நீந்திவிட்டு வரலாமே என்று சொல்லிப் பாருங்கள். "அங்கை மற்றாக்கள் குளிச்ச தண்ணியெல்லோ" என்று முகம் சுளிப்பார்.

வீட்டில் கூட்டல் தெரிந்த ஒருவர் உண்டு. திருமதி முப்பத்திரண்டார் ஒரு கொம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர். நிறுவி முடித்த நாளில் 53,760, வட்டியோடு 70,260, பத்து ஆண்டுப் பராமரிப்போடு 97,260 என்று மூன்று வரியில் எழுதி வைத்திருக்கிறார். அவர் இதுவரை தண்ணீருக்குள் கால் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால், "இறங்கினால் என்ரை தலையிலையும் பங்கு போட்டுடுவார்" என்கிறார்.

உண்மையில் முப்பத்திரண்டாரின் கணக்கு ஆட்டம் கண்டது அந்த நாலு பேரில்தான். மகன் படிக்க வாட்டர்லூவுக்குப் போய்விட்டான். மகளுக்குக் குளோரின் பட்டால் தலைமயிர் கொட்டுகிறதாம். மனைவியின் நிலைப்பாடு தெரிந்ததே. மிஞ்சியது அவர் ஒருவர். அவரும் முதல் மாதம் தினமும் இறங்கி, இப்போது கிழமைக்கு இரண்டு தடவை. மனைவியின் மொத்தத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு முழுக்கு 93 டொலருக்கு மேல் போகிறது. அந்த விலைக்கு ரிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு முழுக் குடும்பத்துக்கும் விருந்தே வைக்கலாம்.

ஆனால் வகுத்தலில் கரைகண்டவர் தளர்வதில்லை. மேலே உள்ள எண்ணைக் குறைக்க முடியாவிட்டால் கீழே உள்ள எண்ணைப் பெருப்பிக்க வேண்டும். மார்க்கத்தில் குளிர் சுழியத்துக்குக் கீழே பதினைந்து பாகைக்கு இறங்கிய சனிக்கிழமையில் அவரிடமிருந்து உங்களுக்கு வருகிற அழைப்பு இதன் விளைவுதான். நீங்கள் அங்கே விருந்தாளி இல்லை, வகுக்கும் எண். வாசலிலேயே உங்கள் தலையை மோந்து பார்த்து, "எண்ணெய் வைச்சனீங்களோ? போய் முழுகிப்போட்டு வாங்கோ, ஃபில்ரர் அடைச்சுப்போடும்" என்பார். குளிப்பதற்கு முன் குளிக்க வேண்டிய வீடு அது. பிறகு ஆவி பறக்கும் தண்ணீரில் உங்களை இறக்கிவிட்டு, மேலே நின்று தலைகளை எண்ணுவார். ஒவ்வொரு தலைக்கும் அவருடைய முகத்தில் ஒரு டொலர் இறங்கும் நிம்மதி தெரியும்.

கூட்டலை வாழ்நாள் முழுவதும் தள்ளி வைத்த மனிதர் அதற்குக் கதவு திறந்துவிடுவது அந்த ஒரு அழைப்பில் மட்டும்தான்: "தனிய வராதேங்கோ. மாமி, மச்சாள், பிள்ளையள், ஆரும் வந்து நிண்டால் அவையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ!"