ஒரு வீடு, இரண்டு கட்சி

கேள்வி: விண்டோஸ்தான் கணினி என்கிறார் அண்ணன். லினக்ஸ் இல்லாதது கணினியே இல்லை என்கிறான் என் மகன். நான் யார் பக்கம் நிற்பது?
- ஒரு வாசகர், மரக்காணம்

பதில்: மரக்காணம் உப்பளத்து ஊர் அல்லவா, அண்ணன் உப்பு வியாபாரக் கணக்கை டேலியில் எழுதுகிறாரா? அப்படியானால் அவரை விண்டோஸிலிருந்து கிளப்பாதீர்கள். டேலிக்கு அதுதான் தாய்வீடு. ஆனால் என் மனசு உங்கள் மகன் பக்கம். உப்புப் பாத்தியில் களிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலையை வரப்பில் நின்று யாரும் பார்த்துக் கற்கலாம். லினக்ஸின் மூலநிரலும் 1991-லிருந்து அப்படித்தான் திறந்து கிடக்கிறது.

2011-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினி வீட்டில் இருக்கிறதா? பொத்தானை அமுக்கினால், அவற்றில் பலவும் கறுப்புத் திரையில் இரண்டு பெயரைக் காட்டும்: விண்டோஸ், பாஸ். இந்த பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கோ 4 ஜிபி நினைவகமாவது வேண்டும். பழைய பெட்டி தாங்காது. காயலான் கடைக்குப் போடாதீர்கள், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றுங்கள், எழுந்து உட்காரும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு.

விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. மகனை அனுப்புங்கள், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி.