தேர்வுகள் இயக்ககத்துக்கு, முதலிடத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
அ. அ. அ.,
ஆ. ஆ. ஆ. தெரு,
பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
அரசுத் தேர்வுகள் இயக்ககம்,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: முதலிடம் தந்தமைக்கு நன்றி தெரிவித்தலும் சில ஐயங்கள் கேட்டலும் தொடர்பாக.

பெயர் போடாததற்குப் பயம் காரணமில்லை. தமிழ்த் தாளில் கடிதம் எழுதினால் சொந்தப் பெயர் எழுதக் கூடாது என்று பத்தாம் வகுப்பில் பழக்கிவிட்டீர்கள். தொட்டில் பழக்கம்.

முதலில் நன்றி. எங்கள் இரண்டு மாவட்டங்களின் பெயர் பத்திரிகையில் வந்தால் அதற்கு முன்னால் 'பின்தங்கிய' என்ற பட்டம் கண்டிப்பாக இருக்கும். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001இல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், மறு ஆண்டே ஒட்டவைத்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். ஆகவே கூட்டல், கழித்தல், மறுகூட்டல் எதுவும் எங்களுக்குப் புதிதில்லை. ஒரு பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும், மறுபக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் தூசியும் என்று இருந்த எங்களைத் தூக்கி நிறுத்தியது தாங்கள்தான். 2022 பிளஸ் டூவில் பெரம்பலூர் 97.95 சதவீதம், முதலிடம். 2023 பத்தாம் வகுப்பில் பெரம்பலூர் 97.67, முதலிடம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31, முதலிடம். 2025 பிளஸ் டூவில் அரியலூர் 98.82, அதுவும் முதலிடம். பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல முதலிடத்தைப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு சின்ன ஐயம். மாணவர்களுக்கு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியது. பிள்ளைகள் மனம் வாடக் கூடாது என்றார்கள். நல்ல முடிவு, கைதட்டினோம். ஆனால் மாவட்டங்களுக்கான ரேங்க் மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறதே, மாவட்டத்துக்கு மனம் கிடையாதா? கடைசி இடம் வந்த மாவட்டம் வாடாதா? அது வாடுவதில்லை; வாட்டுகிறது. பட்டியல் வந்த மறுவாரம் முதன்மைக் கல்வி அலுவலர் மீட்டிங் போடுவார். தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்பார். பாட ஆசிரியர் கடைசிப் பெஞ்சைப் பார்ப்பார். பிள்ளைக்கு வேண்டாம் என்று மேலே நிறுத்திய ரேங்க், படிப்படியாக இறங்கி அந்தப் பிள்ளையின் தலையிலேயே வந்து உட்காரும்.

அந்தக் கடைசிப் பெஞ்சுக்கு இலாகா வைத்திருக்கும் பெயர் 'மெல்லக் கற்போர்'. எங்கள் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக்கு முந்திய மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. மெல்லக் கற்போர் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தோம். இவர்களுக்கு மினிமம் மெட்டீரியல் உண்டு. எந்தப் பாடத்தை விட்டாலும் தேர்ச்சிக்கு வேண்டிய 35 வரும், எதை விட்டால் வராது என்று வகுத்துக் கொடுத்துவிடுவார்கள். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு. கடைசி டவுன் பஸ் போகும்வரை பிள்ளையோடு உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கேலி செய்தால் என் நாக்கு அழுகும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் குறையில்லை. ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது பெரம்பலூரில் சூப்பர் 30 என்று தொடங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவம், பொறியியல் பக்கம் அனுப்பப் பாடுபட்டார். மேலே முப்பது பேர், கீழே மெல்லக் கற்போர். நடுவில் 60, 70 வாங்கிக்கொண்டு ஒருத்தி இருக்கிறாளே, அவளை எந்த வகுப்புக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. அவளால் மாவட்டத்துக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இனி விடைத்தாள். கடிதம் எழுதும் கேள்வியையே எடுத்துக்கொள்வோம், ஐந்து மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், விளி, பொருள், இடம், நாள், உறைமேல் முகவரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் போதும். தரமில்லாத உணவு பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குப் புகார் எழுதச் சொல்லும் கேள்வி எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அத்தனை கடிதமும் ஆணையர் கைக்குப் போயிருந்தால் தமிழ்நாட்டில் ஒரு பரோட்டாக் கடை மிஞ்சியிருக்காது. உண்மையிலேயே கெட்டுப்போன சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு எவனாவது கோபத்தோடு எழுதினால், அந்தக் கோபத்துக்கு விடைக்குறிப்பில் இடமில்லை. திருத்தும் மையத்தில் கட்டுக் கட்டாகத் தாள் காத்திருக்கும்போது ஆசிரியர்தான் என்ன செய்வார்? அடிக்கோடிட்ட சொல்லைத் தேடுவார். இருந்தால் டிக் போடுவார். இது பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் எழுதுவதைவிட அடிக்கோடு போடுவதில் தேறிவிட்டார்கள்.

தேர்வே இல்லாமலும் மதிப்பெண் போட முடியும் என்று கொரோனா காட்டியது. 2020 பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டிலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவிலிருந்து 20. 2021 பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. பழைய குழம்பில் புதுக் குழம்பு. அந்த மதிப்பெண்ணோடும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், படித்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. கல்லூரிக்குப் போனால் அங்கே இன்டர்னல் 25. அந்த 25க்கும் பிராஜெக்ட் பைண்டிங்கின் அழகுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனிக் கடிதமே எழுத வேண்டும். அது தங்கள் இலாகா இல்லை என்பதால் விடுகிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குப் பகடி வரவில்லை. எங்கள் குழுமூர் அனிதா. 2017 பிளஸ் டூவில் 1200க்கு 1176. அதே ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வில் 720க்கு 86. ஒரே பெண், ஒரே ஆண்டு, இரண்டு தராசு. தங்கள் தராசு சரி என்றால் அந்தத் தராசு என்ன நிறுத்தது? அது சரி என்றால் பன்னிரண்டு ஆண்டு அவரிடம் நாம் நிறுத்துக் கொடுத்தது என்ன? நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இப்போது அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகக் கணக்கு. தேர்ச்சி சதவீதம் என்பது எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. எழுத வராதவன் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ மொழித்தாளுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அந்த ஆண்டுத் தேர்ச்சி 94.03 சதவீதம். வராதவர்களால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. சொல்லப்போனால் வந்திருந்தால்தான் கீறல். இதைப் புரிந்துகொண்ட சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பாருங்கள் என்று அன்போடு சொல்கின்றன. சதவீதத்தை உயர்த்தப் பாடம் நடத்துவது ஒரு வழி. வகுத்தலில் கீழ் எண்ணைக் குறைப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு சாக்பீஸ் செலவு கிடையாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பிளஸ் டூ விடைத்தாள் நகலுக்குப் பாடத்துக்கு 275 ரூபாய் கட்டி வாங்கினால், எங்கள் பிள்ளைகளுக்குத் தாங்கள் காட்டுவது எண்களை மட்டும்தான். அந்தக் காசுக்கு ஒரே ஒரு வரி, 'இந்த இடத்தில் யோசித்திருக்கிறாய்' என்றோ 'இது உனக்கே புரியவில்லை' என்றோ, யாராவது எழுதித் தரக் கூடாதா?

இரண்டாவது, அடுத்த முறை மாவட்டப் பட்டியல் போடும்போது தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ தேர்வு அறைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று. அந்தக் கணக்கில் நாங்கள் எத்தனையாவது இடமோ எங்களுக்குத் தெரியாது. அதிலும் முதலிடம் என்றால் இரண்டு ஊர் பஸ் நிலையத்திலும் இனிப்பு கொடுப்போம், எங்கள் செலவிலேயே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ. அ. அ.