பக்கத்துல ஒண்ணு

"விண்டோஸைத் தொடவே மாட்டேன். பக்கத்துல சும்மா ஒண்ணு போட்டுத் தரேன்."

சாவிக்கொத்தில் பென் டிரைவ் கோத்து வைத்திருப்பவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். வந்தது வளைகாப்புக்கா, துக்கம் விசாரிக்கவா என்பதெல்லாம் அவருக்கு ஒன்றுதான். கண் நேரே மேசைக் கணினி மேல் போகும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று ஊரே கவலைப்பட்டபோது, இவருக்கு மட்டும் ஆறு நாள் முன்னதாகவே தீபாவளி வந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் நம் 256 ஜிபி டிஸ்க்கில் 100 ஜிபி உபுண்டு என்கிற லினக்ஸுக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

என் மனைவியின் தம்பியைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

இவர்களிடம் ஒரு குணம் உண்டு. எதுவும் கெட்டுப்போனதாக ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள்.

காலை பத்து மணிக்குத் தத்கால் டிக்கெட் போட உட்கார்ந்தால், கணினி 4:30 என்கிறது. போன் போட்டேன். மறுமுனையில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அது தப்பே இல்ல மாமா. மதர்போர்டுல ஒரு கடிகாரம் ஓடுது. லினக்ஸ் அதுல உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு நம்பிடும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் அஞ்சரை மணி நேரம். கணக்கு கரெக்டா வருது பாருங்க!"

கணக்கு வந்தது. டிக்கெட்தான் வெயிட்டிங் லிஸ்ட். ஒரே வரிக் கட்டளையில் தீர்கிற விஷயம் என்று அலுவலகத்தில் ஒரு பையன் சொன்னான். அது இவருக்குத் தெரியாதா? சரிசெய்துவிட்டால் விளக்குவதற்கு என்ன மிஞ்சும்?

டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை என்றேன். "விண்டோஸ் ஷட் டவுன் ஆனாலும் முழுசா தூங்காது மாமா. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, அரைத் தூக்கம். அதான் லினக்ஸ் மரியாதையா அந்த டிரைவைப் படிக்கிறதோட நிறுத்திக்குது." மரியாதையாம்.

கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் க்ரப் என்று ஒரு பட்டியல் வரும். பத்து விநாடிக்குள் கீழ் அம்பை அழுத்தி விண்டோஸுக்குப் போக வேண்டும். மனைவி குக்கரை இறக்கப் போய்த் திரும்பினால் உபுண்டு வந்து உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அந்தப் பட்டியலில் விண்டோஸையே காணோம். "புது க்ரப் தானா மத்த சிஸ்டத்தைத் தேடாதுக்கா, பாதுகாப்புக்காக 2021-லயே நிறுத்திட்டாங்க" என்றார், ஏதோ நாங்கள்தான் நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்ததுபோல.

எதிர்த்துப் பேசினால் 2011-க்குப் போய்விடுவார். அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பிலேயே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்ததாம். இருந்தது, வாஸ்தவம்தான். அந்த பாஸை எப்படி அழிப்பது என்று எங்கள் தெருப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்ததும் வாஸ்தவம்.

சரி, இவர் வீட்டுக் கணினியில் என்னதான் செய்கிறார்? அதில் ஐந்து சிஸ்டம் இருக்கின்றன. கரண்ட் பில் கட்டுவது போனில்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 100 ஜிபி என்னுடையது. காசு கொடுத்து வாங்கியது. படம் வைக்க இடமில்லை என்று விண்டோஸ் சிவப்புக் கோடு காட்டுகிறது, பக்கத்திலேயே முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது.

போன மாதம் நீலத் திரை வந்து விண்டோஸ் படுத்தேவிட்டது. கடைக்காரர் பார்த்துவிட்டு ஃபார்மட்தான் என்றார். மகளின் காதுகுத்துப் படம் முழுக்க அதில்தான் இருந்தது. இவர் இரவு எட்டு மணிக்கு வந்தார். உபுண்டு பக்கமாக உள்ளே நுழைந்து, விண்டோஸ் டிரைவைத் திறந்து, ஒவ்வொரு ஃபோல்டராக வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்தார். நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்றைக்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. "எல்லாம் வந்துடுச்சுக்கா" என்றார், அவ்வளவுதான்.

அந்நேரத்தில் மனைவி அவருக்குத் தோசை வார்த்தாள். மூன்றாவது தோசையில் தலை நிமிர்ந்தார்.

"அக்கா, டிஸ்க் கடைசியில முப்பது ஜிபி சும்மா கிடக்கு. ஃபெடோரா ஒண்ணு போட்டுப் பாக்கட்டா?"

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி என்றுவிட்டாள்.