மன்னர் கல்லூரிக்கு வரும் வழி

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1880-இல் கல்லூரியாக உயர்ந்தது எங்கள் மன்னர் கல்லூரி. விடுதலைப் போராட்ட வீரர் திருமயத்துச் சத்தியமூர்த்தி அங்கே படித்தவர். ஆனால் நான் படித்த நாட்களில் பேராசிரியர்கள் அதிகம் சொன்னது முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றித்தான். 1886-இல் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று பையன்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்க்கச் சொன்னார். அரசர் உத்தரவு ஒரு பெண்ணுக்கு வழிவிட்டது. அவர் 1912-இல் டாக்டரானார், சட்டமன்றத்துக்குப் போனார், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒருத்திக்கு இடம் கொடுத்ததன் பலன் இவ்வளவு!

பிறகு ஊரில் பெண்களுக்கென்றே அரசுக் கல்லூரியும் வந்துவிட்டது. இருந்தும் எண்பதுகளில் என் அக்கா வீட்டோடு நின்றாள். பத்தாவதில் என்னைவிட மார்க் அதிகம் வாங்கியவள். பஸ் ஏற ரெண்டு மைல் நடக்கணும். "பொழுது சாஞ்சா எப்படித்தா திரும்பி வருவ?" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது ஊரும் அரசும். நாங்கள் யாரும் அன்று அதைக் கேட்கவில்லை.

1991-இல் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்றார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஜென்ட்ஸ் சைக்கிள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். கேலி பேசிய வாய்கள் ஓய்ந்துபோயின. யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு பெண் டவுனுக்குப் போய்வரலாம் என்பதை எங்கள் மாவட்டம் அப்போதுதான் கண்ணால் கண்டது. கல்லூரிப் படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கிராமத்திலிருந்து படிக்க வராதவர்கள்.

இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 முதல். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், 2022 முதல். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தால் இறங்கிவரும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். எனக்கு நெஞ்சு நிறைகிறது. பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் லைப்ரரிக்குப் போவதில்லை. எங்கள் பக்கம் ஏழு மணிக்குப் பிறகு பஸ் கிடையாது. எட்டரைக்கு ஒரு நடை விடச் சொல்லி மனு எழுதி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். கேட்கும்வரை கேட்பேன்.