உமணன் வண்டியில் ஒரு கோழிக்கூடு

உப்பு லாரிக்குள் மின்விசிறி மாட்டப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். சங்க இலக்கியம் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான்.

எங்களுக்கு அனுமந்தை. மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், டோல்கேட்டைச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடும் ஊர். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆகவே பாணர்களும் புலவர்களும் பசியோடு எங்கள் தெருவழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று நாங்களாக முடிவுகட்டி வைத்திருக்கிறோம்.

அந்தக் காலத்து உப்பு லாரிக்காரனுக்கு உமணன் என்று பெயர். மாட்டுவண்டியில் உப்பை ஏற்றிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு உள்நாட்டுக்குப் போவான். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்குவான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் இவன் வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். பாட்டு என்னவோ தொண்டைமான் இளந்திரையன் மேல், 500 அடி. ராஜாவைப் பார்க்கப் போகிற வழியில் மனிதர் லாரி ஷெட்டில் நின்றுவிட்டார். சக்கரம் முழவு மாதிரி, பார் கணையமரம் மாதிரி, கூரை மழைமேகம் சுமந்த குன்று மாதிரி. இதுவரை தச்சன் செய்து கொடுத்தது. இதற்குமேல் வருவதெல்லாம் உமணன் தானே மாட்டியது என்று நான் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வேன். தொழில் தெரிந்தவன் எவனும் இப்படி மாட்டமாட்டான்.

முதலில் கோழிக்கூடு. நடந்தது இப்படித்தான் இருக்கும்.

"வழியில முட்டைக்கு எங்கய்யா போறது? கோழியையும் ஏத்து" என்கிறாள் உமட்டி.

"உள்ள உப்பு இருக்குது."

"அப்ப வாசல்ல கட்டு."

கட்டினான். ஏறி இறங்கும் வாசலிலேயே கட்டினான். தினைப்புனத்தில் யானை விரட்டுகிறவர்கள் போடும் குடிசை மாதிரி இருந்ததாம். புலவர் சொல்வது பாராட்டா நக்கலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது உரல். நாம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிடுகிற மாதிரி அவன் உரலைத் தொங்கவிட்டான். இளம் பெண்யானையின் முழங்கால் போல இருந்தது என்கிறார். யானை முழங்கால் பள்ளத்துக்குப் பள்ளம் ஆடிக்கொண்டே வந்தால் வண்டிக்காரன் தலை என்ன கதிக்கு ஆளாகும் என்று யோசிக்கவில்லை. அவர் உவமை தேடிக்கொண்டிருந்தார். வண்டியின் மூக்கில் காடிப்பானை வேறு, கூத்தாடும் பெண்களின் மத்தளத்தை வாரால் இறுக்கின மாதிரி கயிறு போட்டு.

கடைசியில் பாருங்கள். கைக்குழந்தைக்காரி மாட்டை ஓட்டுகிறாள். வேப்பந்தழை மாலை போட்ட தடித்தடி ஆண்பிள்ளைகள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். வண்டிக்குக் காவலாம். புலவர் நல்ல மனுஷன், சொன்னதை நம்பிவிட்டார். வாசலில் கூடு, பக்கத்தில் உரல், முன்னால் பானை, உள்ளே உப்பு. அவன் எங்கே ஐயா உட்காருவான்?

ஒளவையார் அவ்வளவு லேசில் ஏமாறுகிறவர் இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டார். மாடுகளோ நுகம் பழகாத இளசு, பாரமோ அதிகம், பள்ளம் வருமோ மேடு வருமோ தெரியாது என்று உமணர்கள் கீழ்மரத்தில் ஓர் அச்சை உபரியாகக் கட்டியிருந்தார்கள். சேம அச்சு. நம் பாஷையில் ஸ்டெப்னி. புறநானூறு 102ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிட்டிருக்கிறார். இளவரசனை 'நீ ஒரு ஸ்டெப்னி' என்று சொல்லி, அதையே வாழ்த்தாகவும் ஆக்கிய ஆள் தமிழில் அவர் ஒருத்திதான்.

கவனித்தீர்களா, அச்சையும் பானையையும் கயிற்றால்தான் கட்டியிருக்கிறான். ஓர் ஆணி இல்லை. உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

மாமாவின் லாரி கேபினில் வெயில் தாங்காது. அவருக்குத் தெரியாமல், காருக்கு மாட்டுகிற சின்ன மின்விசிறி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தேன். கேபின் தகட்டில் டிரில்லரால் நாலு ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கினேன். மறு வருஷமே அந்த நாலு ஓட்டையைச் சுற்றியும் தகடு அப்பளம் மாதிரி உதிர ஆரம்பித்தது, அது வேறு கதை. ஒயரை பேட்டரியில் கொடுத்தேன். ஃப்யூஸ் போடவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நாலு ரூபாய் மிச்சம் என்று விட்டுவிட்டேன். விசிறி ஹெலிகாப்டர் மாதிரி சுற்றியது. நான் பூரித்துப்போய் முகத்தைக் காட்டி நின்றேன். அரை நிமிஷத்தில் முகத்துக்குக் காற்று வருவது நின்று புகை வந்தது. பிடுங்கப் போய்த்தான் கை வெந்தது.

"டேய் மாப்ள, இன்னாடா பண்ணித் தொலைச்ச?" என்று ஓடிவந்தார் மாமா. "கார் ஃபேனு 12 வோல்ட்டுடா. இங்க ரெண்டு பேட்டரி சேந்து 24!"

அதோடு விட்டேனா? புகைந்த வாசனையை மறைக்க ஊதுவத்தி ஸ்டாண்டு, வெயிலுக்குக் குஞ்சம் வைத்த திரை, மாமாவைச் சமாதானப்படுத்த டேப் ரெக்கார்டர். டேப்புக்கு ஸ்பீக்கர் வேண்டும். கிடைத்த ஸ்பீக்கர் கல்யாண வீட்டில் வைக்கிற சைஸ். அதை கிளீனர் சீட்டில்தான் நிறுத்த முடிந்தது. இந்தமுறை நைலான் கயிறு போட்டுக் கட்டினேன், உமணன் பாணியில்.

கிளீனர் நான்தான். அன்றைக்குத் திண்டிவனம் லோடு. ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மேலே ஏறித் தார்ப்பாய் மீது, உப்பு மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்தேன். மாமா ஜன்னல்வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.