கல்வெட்டும் கன்ஸ்ட்ரக்டரும்

பெங்களூருவின் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பதிவான கொடைகளைக் கொடுத்தவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின; தகவல் மட்டும் அசையவில்லை. அதே தொம்மலூரின் கண்ணாடிக் கட்டடங்களில் ஒரு பேட்ச் ஜாப், அடுத்த பேட்ச் ஜாபிடம் ஒரே ஓர் எண்ணிக்கையைச் சொல்லியனுப்ப முடியாமல் திண்டாடுகிறது.

சேல்ஸ்ஃபோர்ஸின் ஏபெக்ஸ் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வேறு சொல்லாவிட்டால் அதில் ஒரு பேட்ச் ஜாப் பதிவுகளை 200, 200-ஆகப் பிரித்து ஓட்டும். ஒவ்வொரு பிரிவும் முந்தையதை அறியாத முகத்தோடு புதிதாகத் தொடங்கும். கிளாஸின் தலையில் ‘டேட்டாபேஸ்.ஸ்டேட்ஃபுல்’ என்று சேர்த்தால்தான் ஆப்ஜெக்டின் மாறிகளுக்கு நினைவு தங்கும். ஸ்டாட்டிக் மாறிகளுக்கு அப்போதும் தங்காது. எல்லாம் முடிந்ததும் ஓடுகிற ஃபினிஷ் மெத்தடில் அடுத்த ஜாபை உருவாக்கி, சேர்த்துவைத்ததை அதன் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்துவிட வேண்டியது. இரண்டே வரி.

ஆனால் டிசைன் மீட்டிங் என்று ஒன்று இருக்கிறதே! அங்கே ஓர் இன்டர்ஃபேஸ் பிறக்கும், ஒரு ஃபேக்டரி பிறக்கும், போதாததற்குத் ‘தற்காலிகமாக’ ஒரு டேபிளும் பிறக்கும். அதை அழிக்கும் துணிச்சல் பிறகு எந்த மேனேஜருக்கும் வராது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களே, முதலில் கன்ஸ்ட்ரக்டரில் போட்டுப் பாருங்கள். மீட்டிங்கை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.