டைமர் கத்திய பிறகு

நடைமுறைத் துப்பாக்கிப் போட்டி என்பது கைத்துப்பாக்கியோடு ஓடி, குனிந்து, தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பல இலக்குகளை விரைவாகச் சுடும் விளையாட்டு. மூச்சடக்கி நிதானமாகக் குறிபார்க்க இங்கே தடை ஏதுமில்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கான பன்னாட்டு அமைப்பு 1976 மே மாதம் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் உருவானது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது கொள்கை. முதல்நாள் போட்டியாளரிடம் இவற்றுள் வலிமை மட்டும் உறுதியாக இருக்கும். அது தோட்டாப் பெட்டியோடு கடையில் விற்கிறது.

அமெரிக்க உள்ளூர்ப் போட்டிக்கு வரும் புதியவர் எதிர்பார்ப்பது வெடிச்சத்தம். முதலில் கிடைப்பது விதிமுறை. துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க ஒரு தனி மேசை உண்டு. அங்கே தோட்டாவைத் தொடக் கூடாது. தோட்டாவை மற்ற இடங்களில் மேகசினில் நிரப்பிக்கொள்ளலாம், அங்கே துப்பாக்கியைத் தொடக் கூடாது. இரண்டும் சந்திப்பது களத்தை நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் அனுமதித்த பிறகே.

அடுத்து, களத்தைச் சுற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள். வயது வந்த, குடும்பம் குட்டி உள்ள மனிதர்கள் ஆள்காட்டி விரலையே துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு, நவக்கிரகம் சுற்றுபவர்களைப் போல ஒருவர் பின் ஒருவராக உதடசைத்து நடப்பார்கள். எங்கே நிற்பது, எத்தனை சுடுவது, எங்கே மேகசின் மாற்றுவது என்பதெல்லாம் அந்த முணுமுணுப்பில் அடங்கும். புதியவரும் ஒரு திட்டம் வைத்திருப்பார். "ஸ்டாண்ட்பை" என்ற கட்டளைக்கும் டைமரின் ஒலிக்கும் இடையே ஒன்று முதல் நான்கு நொடி செல்லும். திட்டம் மறந்துபோக அது தாராளமான அவகாசம்.

ஒலி கேட்டதும் கை ஹோல்ஸ்டரைத் தேடும். அது காலையில் கட்டிய இடத்தில்தான் இருக்கும், ஆனாலும் தேடும். காகித இலக்குக்குப் பெரும்பாலும் இரண்டு குண்டு. இரும்பு இலக்கு விழுந்தால்தான் கணக்கு. அருகில் நிற்கும் 'சுடக் கூடாத' இலக்கு புதியவர்களிடம் தனிப் பிரியம் உடையது. அதில் ஒரு குண்டு பட்டால் 10 புள்ளி கழியும்.

உண்மையான ஆபத்து வேறு. குழல் முனை எப்போதும் இலக்குகளுக்குப் பின்னுள்ள மண்மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் அன்றைய போட்டி முடிந்தது. வலக்கைக்காரர் இடப்புறமாக ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போது இது மிக எளிதாக நடக்கும். துப்பாக்கி கைநழுவி விழுந்தாலும் அதே தண்டனை. நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகலாம். அல்லது இருந்து, பிறர் சுட்ட ஓட்டைகளுக்கு நாடா ஒட்டலாம். நீக்கப்படாதவரும் நாளில் பெரும்பகுதி அதைத்தான் செய்கிறார்.

மதிப்பெண் முறை இரக்கமற்றது. பெற்ற புள்ளிகளை நொடிகளால் வகுப்பார்கள். 160 புள்ளிக் களத்தில் தேர்ந்தவர் 150 எடுத்து 20 நொடியில் முடித்தால் அவருக்கு 7.5. புதியவர் பொறுமையாக 155 எடுத்து 62 நொடியில் முடித்தால் 2.5. அதாவது நன்றாகச் சுட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு. முடிவுப் பட்டியலைக் கீழிருந்து படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். எப்படியும் நீக்கப்பட்டவர்கள் அதற்கும் கீழே இருப்பார்கள்.